வடிவில்லாத தகடெண்டு கழட்டிப் போடாதீங்கோ: பழைய கிற்றார், வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்தில, வீட்டில பழைய ஆர்ச்டொப் எலெக்ட்ரிக் கிற்றார் வச்சிருக்கிற ஆக்கள் அதில விளங்காத சாமான் ஏதும் இருந்தா எழுதுங்கோ எண்டு கேட்டிருந்தன். இவ்வளவு கடிதம் வரும் எண்டு நான் நினைக்கேல்ல. எல்லாத்துக்கும் இடம் காணாது, கன பேருக்கு உதவக்கூடியதை எடுத்திருக்கிறன்.

ஆர்ச்டொப் எண்டா என்னெண்டு தெரியாத ஆக்களுக்கு சுருக்கமா சொல்லுறன். வயலின் மாதிரி மேல் பலகை நடுவில உப்பி வளைஞ்சிருக்கும், வட்ட ஓட்டைக்குப் பதிலா ரெண்டு பக்கமும் எஃப் எழுத்து மாதிரி ஓட்டை, பிரிட்ஜ் (வயலின்காரர் குதிரை எண்டு சொல்லுற அதேதான்) ஒட்டாமச் சும்மா மேல நிக்கும், ஸ்ட்ரிங்கின்ர மற்ற நுனியை அடிப்பக்கத்தில பூட்டின ஒரு இரும்புச் சட்டம் பிடிச்சிருக்கும், அதுதான் டெயில்பீஸ். ஒட்டாத சாமான் இவ்வளவு இருக்கிறபடியாத்தான் அம்பது அறுபது வருசத்தில ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டைக் கழட்டி மாத்தியிருப்பினம், எது பிறந்த நாளில இருந்து இருக்கிறது, எது பிறகு வந்தது எண்டு கண்டுபிடிக்கிறது பெரிய பாடு.

உப்புவெளியில இருந்து ஒரு தம்பி: அண்ணை, எங்கட அப்பப்பா டொக்யார்ட்டில வேலை செய்தவர். வெள்ளைக்காரர் வெளிக்கிடேக்க ஒரு நேவிக்காரர் அவருக்கு ஒரு ஹொஃப்னர் கிற்றாரைக் குடுத்திட்டுப் போனவராம். பிரிட்ஜ் கறுப்பு மரம். அதுக்கு மேல ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்குக் கீழயும் ஒரு சின்னக் கம்பித் துண்டு செருகிக் கிடக்கு, ஒண்டு முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு, ஒரு நேரில்ல. கொழும்பில ஒரு கடையில காட்டினா 'இது ஆரோ வீட்டில இருந்து செய்த வேலை, புதுசு போடுவம்' எண்டினம். போடவா?

போடாதீங்கோ தம்பி. அந்தப் பிரிட்ஜ் அப்பிடியே பக்டரியில இருந்து வந்தது. ஹொஃப்னர் எண்ட ஜெர்மன் கம்பெனிக்காரர் பிரிட்ஜின்ர மேல் பக்கத்தில பக்கம் பக்கமாச் சில கோடு வெட்டி, அதுக்குள்ள ஃப்ரெட் கம்பியை (கிற்றார் கழுத்தில குறுக்கால பதிச்சிருக்கிற அதே கம்பி) ஸ்ட்ரிங்குக்கு ஒண்டா நறுக்கிச் செருகினவை. பாக்க ஏதோ பத்தாத கைவேலை மாதிரித்தான் இருக்கும், ஆனா காரணம் இருக்கு. தடிச்ச ஸ்ட்ரிங்குக்குக் கொஞ்சம் கூட நீளம் வேணும், மெல்லிசுக்குக் குறைய வேணும், அப்பதான் மேல போய் வாசிக்கேக்கயும் சுருதி நிக்கும். அமெரிக்காவில கிப்சன் கம்பெனி இதே வேலையை 1954ல ட்யூன்ஓமற்றிக் எண்டு ஸ்க்ரூ வச்ச உலோகப் பிரிட்ஜால செய்தது. ஜெர்மன்காரர் அதையே ஆறு துண்டுக் கம்பியால செய்து முடிச்சினம். எனக்கு இந்த எளிமையில ஒரு பெரிய மரியாதை இருக்கு.

சோதிச்சுப் பாக்கிறதும் லேசு. ஒரு ஸ்ட்ரிங்கை 12வது ஃப்ரெட்டுக்கு நேர மேல விரலால மெல்லத் தொட்டு மீட்டுங்கோ, பிறகு அதே இடத்தில அமத்தி மீட்டுங்கோ. அமத்தினது சுருதி கூடக் கேட்டா துண்டை ஒரு கோடு பின்னுக்கு, டெயில்பீஸ் பக்கமாத் தள்ளுங்கோ, குறையக் கேட்டா முன்னுக்கு. அவ்வளவுதான். அதால உங்கட துண்டுகள் ஒரு நேரில இல்லாதது பிழையில்ல, அப்பப்பாவோ அந்த நேவிக்காரரோ காது வச்சு சரிபண்ணியிருக்கினம் எண்டதுக்கு அடையாளம்.

ஒரே ஒரு விசயத்தில கவனம். அந்தத் துண்டுகள் ஒட்டியிருக்காது, ஸ்ட்ரிங்கின்ர பாரத்தாலதான் நிக்கும். ஆறு ஸ்ட்ரிங்கையும் ஒரே அடியாக் கழட்டினா பிரிட்ஜும் விழும், துண்டும் பறக்கும். எனக்கு ஒருக்கா நடந்தது, திண்ணையில வச்சுக் கழட்டேக்க ஒரு துண்டு துள்ளி விழுந்து எங்க போனதெண்டே தெரியேல்ல, காந்தத்தைக் கொண்டு வந்து நிலமெல்லாம் தடவினன், ஒண்டும் ஒட்டேல்ல, ஏனெண்டா ஃப்ரெட் கம்பி செம்பும் நாகமும் நிக்கலும் கலந்தது, காந்தம் அதைப் பிடிக்காது. கடைசியில உள்ளங்கையால சிமெந்து நிலத்தைத் தடவித் தடவி, கதவு நிலைக்குக் கீழ இருந்த வெடிப்புக்குள்ள இருந்துதான் ஊசியால நெம்பி எடுத்தன். ஒரு அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு. அதுக்குப் பிறகு வெள்ளைச் சீலை விரிக்காம ஒரு ஹொஃப்னரையும் தொடுறதில்ல. ஸ்ட்ரிங்கை ஒவ்வொண்டா மாத்துங்கோ. அந்தத் துண்டுகளை மட்டும் பசை வச்சு ஒட்டிப்போடாதீங்கோ.

இன்னொண்டு. உங்கட அப்பப்பாவுக்குக் கிடைச்சது ஏன் ஜெர்மன் கிற்றார், அமெரிக்கக் கிற்றார் இல்ல எண்டு யோசிச்சிருக்கிறீங்களோ? அந்தக் காலத்தில பிரித்தானியாவுக்குள்ள அமெரிக்க வாத்தியங்களை இறக்குமதி செய்யத் தடை இருந்தது, 1959ல தான் அது எடுபட்டது. அதால லண்டன் கடையில ஒரு மாலுமிக்குக் கையில அகப்பட்டது செல்மர் கம்பெனி இறக்கி வித்த ஹொஃப்னர்தான். பிரித்தானிய நேவி எங்கட திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போனது 1957ல. ரெண்டையும் சேர்த்துப் பாருங்கோ, திருகோணமலையில நான் கையில எடுத்த பழைய ஆர்ச்டொப்பில கனக்க ஹொஃப்னரா இருந்ததுக்குக் காரணம் விளங்கும். சாமானை அடையாளம் காண முதல் அது எந்த வழியால ஊருக்கு வந்திருக்கும் எண்டு கேட்டா பாதி விடை அதிலயே இருக்கு.

ஓர்ஸ் ஹில்லில இருந்து ஒரு ஐயா: என்ரயும் ஹொஃப்னர்தான். உடம்பில சின்னப் பிளாஸ்டிக் தட்டு, அதில ரெண்டு சில்லும் தள்ளுற சுவிட்ச் சிலதும். ஒரு சுவிட்சைத் தள்ளினா சத்தம் திடீரெண்டு இறங்குது. பிக்கப் (ஸ்ட்ரிங்கின்ர அதிர்வைப் பிடிச்சு அம்ப்ளிஃபயருக்கு அனுப்புற சாமான்) செத்துப் போச்சோ?

இல்லை ஐயா. அந்த சுவிட்சுக்குப் பக்கத்தில 'ரிதம்', 'சோலோ' எண்டு எழுதியிருக்கும், தேய்ஞ்சிருந்தா டோர்ச்சைச் சரிச்சு அடிச்சுப் பாருங்கோ. ரிதம் பக்கம் வச்சா சத்தம் இறங்க வேணும், பாட்டுக்காரர் பாடேக்க பின்னால மெல்ல வாசிக்கிறதுக்கு. சோலோ பக்கம் முழுச் சத்தம். மற்ற ரெண்டு சுவிட்ச் பிக்கப்புக்கு. சும்மா கிடந்த கிற்றாரெண்டா எல்லா சுவிட்சையும் இருபது முப்பது தரம் இஞ்சால அங்கால தள்ளிப்போட்டு வாசிச்சுப் பாருங்கோ, எங்கட காத்தில பித்தளைத் தொடுப்பில களிம்பு பிடிச்சிடும்.

மூதூர் வாசகர்: அண்ணன், மாமா கப்பலில வேலை செய்யேக்க வாங்கின எபிஃபோன். டெயில்பீஸ் ஒண்டா இல்ல, முள்ளுக்கரண்டி மாதிரி ரெண்டு துண்டு, ஒண்டு நீளம், மற்றது கட்டை. பாதி உடைஞ்சு போய் வேற எதையோ பூட்டியிருக்காங்க எண்டு நினைக்கன். அதோட தடிச்ச ஸ்ட்ரிங் ட்யூனிங் கீ வரைக்கும் எட்டுதில்ல.

ஒண்டும் உடையேல்ல தம்பி, உங்களிட்ட இருக்கிறது எபிஃபோன்காரரின்ர பேர்போன ஃப்ரீக்வென்சேற்றர். நியூயோர்க்கில எபிஃபோன் தனிக் கம்பெனியா இருந்த காலத்தில, 1930களின்ர கடைசியில வந்தது. மூண்டு தடிச்ச ஸ்ட்ரிங்குக்குக் கட்டை முள்ளு, மூண்டு மெல்லிசுக்கு நீள முள்ளு. கட்டை முள்ளு பிரிட்ஜில இருந்து தூரத்தில நிக்கிறபடியா தடிச்ச ஸ்ட்ரிங்குக்குப் பின்னால கூட நீளம் கிடைக்கும், அதால அடித்தொனி நல்லா வரும் எண்டதுதான் அவையின்ர கணக்கு. வருதோ இல்லையோ, என்ர காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியேல்ல. ஆனா தலைக்கும் வாலுக்கும் இடையில அவ்வளவு தூரம் வாறதாலதான் உங்கட தடிச்ச ஸ்ட்ரிங் எட்டாமப் போகுது. இது உங்களுக்கு மட்டும் வந்த பிரச்சினையில்ல, உலகம் முழுக்க இந்த டெயில்பீஸ் வச்சிருக்கிற ஆக்கள் கன பேர் ரெண்டு முள்ளையும் இடம் மாத்திப் பூட்டித்தான் வாசிக்கினம். நீங்களும் மாத்துங்கோ, புது ஓட்டை ஒண்டும் போடத் தேவையில்ல, பிறகு ஆருக்கும் விருப்பமெண்டா பழையபடி மாத்தலாம்.

ஆனா இந்த டெயில்பீசை மட்டும் பாத்து 'நியூயோர்க் கிற்றார்' எண்டு சந்தோசப்படாதீங்கோ. 1957ல கிப்சனின்ர சொந்தக்காரக் கம்பெனி எபிஃபோனை வாங்கிச்சுது, அதுக்குப் பிறகு மிச்சிகனில கலமசூவில செய்ததிலயும் இதே டெயில்பீஸ் இருக்கு, பிறகு ஆசியாவில செய்ததிலயும் இருக்கு. எஃப் ஓட்டைக்குள்ளால டோர்ச் அடிச்சு உள்ளுக்கு ஒட்டியிருக்கிற லேபிளில ஊர்ப் பேர் என்னெண்டு பாருங்கோ, அதைப் படம் எடுத்து அனுப்புங்கோ.

டச் பே பக்கத்து வாசகி: அண்ணா, எங்கட அப்பா பைலா பேண்டில வாசிச்ச கிற்றார், இப்ப நான் வச்சிருக்கிறன். வீட்டில இருந்து கல்லெறி தூரத்தில கடல். நடுவில இருக்கிற பிக்கப் மூடியும் டெயில்பீசில ஒரு பக்கமும் பச்சைக் களிம்பேறி அரிச்சுப் போச்சு. தலைப்பக்கத்து ட்யூனிங் கீ எல்லாம் அப்பிடியே இருக்கு. உப்புக்காத்தெண்டா எல்லாத்தையும்தானே தின்ன வேணும்? அப்ப கீ புதுசா மாத்தினதோ?

தங்கச்சி, இந்தக் கேள்விக்காகவே இந்த மாசம் எழுதலாம். நீங்கள் கண்ணால கண்டதை நல்லா யோசிச்சிருக்கிறீங்கள். கீ பெரும்பாலும் ஒறிஜினல்தான், கள்ளன் வேற ஆள். கடலும் இல்ல. உங்கட கிற்றாரின்ர பிக்கார்ட், அதாவது கை உரசாம ஸ்ட்ரிங்குக்குக் கீழ பூட்டியிருக்கிற ஆமையோட்டு நிறத் தட்டு, அதுதான் தின்னுது.

அந்தக் காலத்துத் தட்டு கனக்க செல்லுலோயிட்டில செய்தது. நைட்ரிக் அமிலத்தில பதப்படுத்தின பஞ்சும் கற்பூரமும் சேர்ந்ததுதான் செல்லுலோயிட். ஓம், நாங்கள் கோயிலில கொளுத்துற அதே கற்பூரம். நல்ல நிலையில இருக்கிற ஒரு தட்டை ஓரத்தில விரலால நல்லாத் தேய்ச்சு மணந்து பாருங்கோ, மெல்லிசாக் கற்பூரம் வரும், நான் சாமானை அடையாளம் காணுறது முதல்ல மூக்காலதான். வருசம் போகப் போக, அதுவும் எங்கட மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள ஊரில, அந்தச் செல்லுலோயிட் தானாவே சிதையும். சிதையேக்க அதில இருந்து ஒரு வாயு வரும், அது காத்தில இருக்கிற ஈரத்தோட சேர்ந்து அமிலமாகும், பக்கத்தில இருக்கிற நிக்கல் பூச்சு, தங்கப் பூச்சு எல்லாத்தையும் அரிக்கும். கிட்ட இருக்கிறதுக்குத்தான் முதல் அடி. தட்டைப் பிடிச்சிருக்கிற கம்பி, பிக்கப் மூடியில தட்டுப் பக்கத்து விளிம்பு, பிறகு டெயில்பீஸ். தலைப்பக்கம் தூரம் எண்டபடியாத் தப்பிச்சுது. கிற்றாரைப் பெட்டிக்குள்ள பூட்டி வச்சா வாயு வெளிய போகாது, இன்னும் மோசம்.

உப்புக்காத்து வேற மாதிரி. அது இடம் பாக்காது, முதல்ல இரும்பு ஸ்க்ரூ எல்லாத்திலயும் கறள் ஏறும், பிறகு பூச்சில புள்ளி புள்ளியா வரும், தலையிலயும் வரும் வாலிலயும் வரும். அரிப்பு தட்டைச் சுத்தி மட்டும் எண்டா அது தட்டின்ர வேலை. தட்டையே பாருங்கோ: ஓரம் வளைஞ்சு, சுருங்கி, கண்ணாடி நொருங்கின மாதிரி உள்ளுக்குள்ள வெடிப்பு, தொட்டா பிசுபிசுப்பு இருந்தா சந்தேகமே வேண்டாம்.

என்ன செய்யலாம்? இண்டைக்கே ஸ்க்ரூவைக் கழட்டித் தட்டை எடுங்கோ. எடுத்த உடன ஒரு கடதாசியில வச்சுப் பென்சிலால சுத்திக் கோடு போட்டு ஓட்டை இருக்கிற இடமும் குறிச்சு வையுங்கோ, பிறகு புதுசு வெட்ட உதவும். பழையதை எறியாதீங்கோ, கடதாசியில சுத்தி, காத்துப் படுற இடத்தில, உலோகச் சாமான் ஒண்டும் இல்லாத இடத்தில, அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் தூரத்தில வையுங்கோ. செல்லுலோயிட் பத்தினா நிமிசத்தில எரிஞ்சு முடியும், பழைய பிங்பொங் பந்தை நெருப்பில போட்டுப் பாத்த ஆக்களுக்குத் தெரியும், அதுவும் இதே சாமான். நான் இதைத் தெரியாத வயசில கழட்டின தட்டு ஒண்டை ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள, நல்ல பழைய க்ளூசன் ட்யூனிங் கீ ஆறோட சேர்த்து மூடி வச்சனான். மாரி முடிஞ்சு திறந்து பாத்தா ஆறும் பச்சை. இண்டைக்கும் நினைச்சா மனம் வருத்தப்படுது, அவை இன்னொருத்தர் என்னை நம்பித் தந்த சாமான்.

களிம்பை எடுக்கிறதெண்டு குத்துவிளக்குக்குப் புளி போடுற மாதிரி போட்டுத் தேய்க்காதீங்கோ, பிராசோவும் வேண்டாம். விளக்கு முழுப் பித்தளை, எவ்வளவு தேய்ச்சாலும் பித்தளைதான் வரும். இது மேல மெல்லிசாப் பூசினது, தேய்ச்சா பூச்சே போயிடும். காய்ஞ்ச பருத்திச் சீலையால துடையுங்கோ, காணும்.

கீ ஒறிஜினலோ எண்டதுக்கு இன்னொரு வழி, நிறம். பழைய நிக்கல் பூச்சு மங்கேக்க கொஞ்சம் மஞ்சள் சாயும். குரோம் மங்காது, நீலச் சாயலில பளிச்செண்டு நிக்கும். கிப்சன் 1965 வாக்கில நிக்கலை விட்டுக் குரோமுக்கு மாறினது. அதுக்கு முந்தின கிற்றாரில ஒரே ஒரு சாமான் மட்டும் நீலமா மினுங்கினா அது பிறகு வந்தது எண்டு சந்தேகப்படலாம்.

கனடாவில இருந்து ஒரு திருகோணமலைக்காரர்: அண்ணை, இஞ்ச ஒருத்தர் 1960களின்ர கிப்சன் ஆர்ச்டொப் விக்கிறார். பிக்கப்புக்குக் கீழ ஸ்டிக்கரில 'பேட்டண்ட் இலக்கம் 2,737,842' எண்டு இருக்கு. தேடிப் பாத்தா அந்த இலக்கம் பிக்கப்புக்கே இல்ல, ஒரு டெயில்பீசுக்காம். போலி பிடிபட்டிட்டுது எண்டு நினைக்கிறன், சரியோ?

நல்லாத் தேடியிருக்கிறீங்கள், ஆனா முடிவு மறுபக்கம். கிப்சனே அந்தப் பிழை இலக்கத்தைத்தான் ஒட்டினது. கிப்சனில வேலை செய்த சேத் லவர் எண்டவர் செய்த ஹம்பக்கர் (இரைச்சலைக் குறைக்கிற ரெட்டைச் சுருள்) பிக்கப்புக்கு 1955ல விண்ணப்பம் போட்டு, 1959ல கிடைச்ச இலக்கம் 2,896,491. ஆனா 1962 வரைக்கும் 'பேட்டண்டுக்கு விண்ணப்பிச்சிருக்கு' எண்ட ஸ்டிக்கர்தான் ஒட்டினவை, அதைத்தான் பாஃப் எண்டு சொல்லுறவை. அதுக்குப் பிறகு இலக்கம் போட்ட ஸ்டிக்கர் வந்தது, அந்த இலக்கம் லெஸ் போல் எண்ட கிற்றார்காரருக்கு 1956ல கிடைச்ச பிரிட்ஜும் டெயில்பீசும் சேர்ந்த சாமானின்ர இலக்கம். அந்தச் சாமானையும் உங்களுக்குக் காட்டலாம், 1952ல வந்த தங்க நிற ஈஎஸ் 295 ஆர்ச்டொப்பில அதுதான் இருக்கு, ரெண்டு நீளக் கம்பி அடியில இருந்து வந்து ஒரு உருண்டைச் சட்டத்தைப் பிடிச்சிருக்கும்.

ஆக இலக்கம் பிழையா இருக்கிறதுதான் சரி. ஆனா ஸ்டிக்கரை ஆரும் அச்சடிக்கலாம், அதை மட்டும் நம்பிக் காசைக் குடுத்திடாதீங்கோ. பிக்கப் மூடியை அடித்தகட்டோட சேர்த்து ஈயம் வச்ச இடம் ஒருக்காலும் திறக்காததோ, பழைய ஈயத்துக்கு மேல புது ஈயம் மினுங்குதோ எண்டு பாருங்கோ. கீழ கடைசிக் கேள்வியையும் வாசியுங்கோ, அது உங்களுக்கும்தான்.

லண்டனில இருந்து ஒரு தங்கச்சி: இஞ்ச எங்கட பெரியப்பா ஒரு கிரெட்ச் வச்சிருக்கிறார். எஃப் ஓட்டை ஓட்டையே இல்ல, பெயின்ட் அடிச்சிருக்கு. பின் பக்கத்தில மெத்தை மாதிரி ஒண்டு பட்டனால பூட்டியிருக்கு. பிரிட்ஜுக்குப் பக்கத்தில ஸ்ட்ரிங்குக்குக் கீழ பஞ்சு மாதிரி ஏதோ கருகிப் போய்க் கிடக்கு. இவ்வளவும் சேர்ந்தா இது ஆரோ விளையாடின கிற்றார்தானே?

ஒருத்தரும் விளையாடேல்ல பிள்ளை. நீங்கள் எழுதின மூண்டும் ஒரே கிற்றாரில இருந்தா அது கிரெட்ச் கம்பெனியின்ர 1960களின்ர கன்ட்ரி ஜென்டில்மன் எண்ட மொடல் மாதிரித்தான் எனக்குப் படுது. செற் அட்கின்ஸ் எண்ட பெரிய வாத்தியக்காரருக்காகச் செய்தது. அம்ப்ளிஃபயர் சத்தம் ஓட்டைக்குள்ளால போய் உடம்பை அதிரப் பண்ணி ஊளையிடும், அதைத் தடுக்கத்தான் பலகையை மூடிச்சினம், ஆனா ஓட்டையில்லாட்டி வடிவில்ல எண்டு அதிலயே ஓட்டையை வரைஞ்சு விட்டினம். ஓட்டை இல்லாட்டி உள்ளுக்கு வயர் வேலைக்குக் கை விட ஏலாது, அதுக்குப் பின் பக்கத்தில ஒரு வாசல், அந்த வாசலை மூடத்தான் மெத்தை. ஒண்டு ஒண்டை இழுத்துக்கொண்டு வந்ததைப் பாத்தீங்களோ?

பஞ்சு மாதிரி இருக்கிறது மியூட். பக்கத்தில திருப்புற குமிழ் இருக்கும், திருப்பினா மெத்தை மேல வந்து ஸ்ட்ரிங்கைத் தொட்டுச் சத்தத்தை அமத்தும். பழைய மெத்தை உக்கிப் போறது வழமை, அதைக் கிள்ளி எறிஞ்சிட்டுப் பொறியையும் சேர்த்துக் கழட்டினவை கன பேர். பொறி இருந்தா காணும், மெத்தைக்கு மெல்லிய கம்பளித் துணி வெட்டி ஒட்டலாம். 1964 பெப்ரவரி 9 அமெரிக்க ரிவியில பீட்டில்ஸ் முதல் முதல் வாசிக்கேக்க ஜோர்ஜ் ஹரிசன் வச்சிருந்ததும் கன்ட்ரி ஜென்டில்மன்தான், பெரியப்பாவுக்கு இதைச் சொல்லுங்கோ, சந்தோசப்படுவார்.

கன்னியாவில இருந்து ஒரு வாசகர்: கிற்றார் இல்ல, பெட்டி மட்டும் அகப்பட்டது. உள்ளுக்கு முழங்கை நீளத்தில ஒரு இரும்புக் கம்பி, அதில வழுக்கிக்கொண்டு ஓடுற ஒரு பிக்கப், சின்னக் குமிழ் ஒண்டோட ஒரு டப்பா. என்ன இது?

அதைப் பத்திரமா வையுங்கோ, அது முழுச் சாமான். படம் தெளிவில்ல, ஆனா நீங்கள் சொல்லுற விதத்தில அமெரிக்காவில ஒஹாயோ மாநிலம் டொலீடோவில ரோ கம்பெனி செய்த டீஆர்மண்ட் பிக்கப் வகை. கரண்ட் இல்லாத ஆர்ச்டொப்பை ஒரு ஓட்டையும் போடாம எலெக்ட்ரிக் ஆக்கிறதுக்கு வந்தது. கம்பியின்ர ஒரு நுனி பிரிட்ஜுக்குப் பின்னால ஸ்ட்ரிங்கிலயே கவ்விக்கொள்ளும், பிக்கப் ஸ்ட்ரிங்குக்குக் கீழ மிதக்கும், கழுத்துப் பக்கம் தள்ளினா சத்தம் உருண்டு வரும், பிரிட்ஜ் பக்கம் தள்ளினா கூர். டப்பா சத்தம் கூட்டிக் குறைக்க. கேபிள் செருகிற இடம் இப்பத்தைய மாதிரி இல்லாம முறுக்கிப் பூட்டுற விதமா இருந்தா அதையும் மாத்தாதீங்கோ. பிக்கப்பை மட்டும் திறக்காதீங்கோ, உள்ளுக்கு முடியை விட மெல்லிய செப்புக்கம்பி, ஒரு இடத்தில அறுந்தா முழுக்கத் திருப்பிச் சுத்த வேணும்.

கிப்சனும் 1948ல இதே யோசனையை வேற விதமாச் செய்தது, பிக்கப்பையும் குமிழையும் பிக்கார்ட் தட்டுக்குள்ளயே பூட்டித் தட்டோட வித்தது. ஆரும் வீட்டில குமிழ் வச்ச தட்டொண்டு தனியாக் கிடந்தா எனக்கு எழுதுங்கோ.

மட்டக்களப்பில இருந்து: ட்ரெமொலோ கைபிடி (சுருதியை ஆட்டுறதுக்கு டெயில்பீசில வாறது) கீழ அமர மாட்டன் எண்டுது, பக்கவாட்டில மட்டும் அசையுது. இறுகிப் போச்சோ?

இறுகேல்ல. பக்கவாட்டில அசையத்தான் செய்தது, பலம் போட்டுக் கீழ அமத்தாதீங்கோ. 1930களில டொக் கவுஃப்மன் எண்டவர் செய்த வைப்ரோலா அப்பிடித்தான், ரிக்கன்பேக்கர் கிற்றாரிலயும் எபிஃபோனிலயும் வந்திருக்கு. 1960களின்ர தொடக்கத்தில கிப்சனும் பக்கவாட்டில இழுக்கிற ஒண்டு போட்டது. உங்கட கிற்றார் உடம்பு மெல்லிசெண்டா ரெண்டாவது, தடிச்ச பழைய உடம்பெண்டா முதலாவதா இருக்க இடமிருக்கு. முழுப் படம் அனுப்புங்கோ.

சீனக்குடா வாசகர்: எல்லாச் சாமானும் ஒறிஜினல் மாதிரித்தான் இருக்கு, ஆனா எந்த வருசம் எண்டு எப்பிடிப் பிடிக்கிறது? லேபிள் கிழிஞ்சு போச்சு. அமெரிக்கக் கிற்றார் எண்டு மட்டும் தெரியும்.

குமிழுக்குக் கீழ, உள்ளுக்கு இருக்கிற பொட், அதாவது சத்தம் கூட்டிக் குறைக்கிற வட்டச் சாமான், அதின்ர முதுகிலயோ விளிம்பிலயோ இலக்கம் குத்தியிருக்கும். முதல் மூண்டு இலக்கமும் செய்த கம்பெனி: 137 எண்டா சீடீஎஸ், 134 எண்டா சென்ட்ரலாப், 304 எண்டா ஸ்டக்போல். அடுத்து வருசம், கடைசி ரெண்டும் கிழமை. 1376512 எண்டு இருந்தா சீடீஎஸ் கம்பெனி 1965ம் வருசம் 12வது கிழமையில செய்தது. சில பழைய பொட்டில வருசத்துக்கு ஒரு இலக்கம்தான் இருக்கும், 134912 மாதிரி, அப்ப 49ஓ 59ஓ எண்டு மற்றச் சாமானைப் பாத்துத்தான் சொல்ல வேணும்.

ஒண்டையும் கழட்டாமப் பாக்கலாம். பல் டொக்டர்மார் வச்சிருக்கிற சின்ன வட்டக் கண்ணாடி ஒண்டு வாங்கி எஃப் ஓட்டைக்குள்ளால விட்டு, மற்ற ஓட்டையால டோர்ச் அடியுங்கோ. கண்ணாடியில இலக்கம் இடம் வலம் மாறித் தெரியும், கைஃபோனால படம் எடுத்துத் திருப்பிப் பாத்தா லேசு. இந்த இலக்கம் பொட் பிறந்த நாள்தான், கிற்றார் பிறந்த நாளில்ல, கிற்றார் அதுக்குப் பிறகுதான் செய்திருக்க ஏலும், சில நேரம் ஒண்டு ரெண்டு வருசம் பிந்தியும். ரெண்டு பொட் இருந்தா ரெண்டையும் பாருங்கோ, ஒண்டு 1959, மற்றது 1974 எண்டா ஒண்டு மாத்தினது. ஈயம் வச்ச இடத்தையும் அதே கண்ணாடியால பாருங்கோ, பழைய ஈயம் மங்கிச் சாம்பல் நிறத்தில தூசி பிடிச்சிருக்கும். டெயில்பீஸ் பக்கமா ஒரு மெல்லிய வயர் போகுதோ எண்டும் பாருங்கோ, அது எர்த் வயர், அறுந்திருந்தா கிற்றார் இரையும், ஸ்ட்ரிங்கில கை வச்சாலும் இரைச்சல் நிக்காது. கச்சான் காத்துக் காலத்தில பலகை காய்ஞ்சு சுருங்கேக்க பூட்டின சாமான் எல்லாம் இளகும், அப்ப பாத்தா ஸ்க்ரூ தானாச் சுத்தும், இறுக்கிறதெண்டு பலம் போடாதீங்கோ, ஐப்பசி மழை வரப் பலகை பழையபடி ஊதும்.